எட்டு போட்டா லைசென்ஸ் வந்துடும், ரோட்டை யார் கத்துக் கொடுக்கிறது?

போன வாரம் எங்க தோட்டத்துல வேலை செய்யற தம்பிக்குத் தபால்ல ஒரு கவர் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா டிரைவிங் லைசென்ஸ். தம்பிக்கு வயசு 41. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே எக்ஸெல் வண்டியில பால் கேனைக் கட்டிட்டு சொசைட்டிக்குப் போனவர். அட்டையை முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்தார். தன் போட்டோவைப் பார்த்துக் கொஞ்சம் சிரிச்சார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இந்த அட்டை வந்ததால நான் வண்டி ஓட்டறதுல என்னங்க மாறிப்போச்சு?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. "சோளத்தட்டு அறுக்கணும், வெயில் ஏறுது, வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். ஆனா ராத்திரி மோட்டார் போடப் போனப்பவும் அந்தக் கேள்விதான் மண்டையில ஓடிட்டு இருந்துச்சு. அதனாலதான் இதை எழுதறேன். நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு, கிராமத்துக்காரன் ஏன் லைசென்ஸ் இல்லாம ஓட்டறான்னு ஒரு கோபம் இருக்கும். அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. மிச்சக் கதையையும் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

போன வருசம் ஆடி மாசம். நான் மஞ்சளுக்கு மண் அணைச்சுட்டு இருந்தேன். மாட்டுக்குப் புண்ணாக்கு தீர்ந்து போச்சுன்னு வீட்டுல இருந்து சத்தம் போட்டாங்க. தம்பிகிட்ட சாவியைக் கொடுத்து, "ஒரு எட்டு போய் ஒரு மூட்டை வாங்கிட்டு வந்துருங்க"ன்னு சொன்னேன். இது எங்க வீட்டுல பத்து வருசமா நடக்கிற விசயம். அவர்கிட்ட லைசென்ஸ் இருக்கான்னு நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. மம்பட்டிக்கு லைசென்ஸ் கேட்போமா? அந்த மாதிரிதான் எக்ஸெல் வண்டியையும் நினைச்சுட்டு இருந்தோம்.

திரும்பி வரும்போது பொழுது இறங்கிடுச்சு. வாய்க்கால் பாலத்துகிட்ட ஒரு வளைவு. சைக்கிள்ல ஒரு பெரியவர் குறுக்கே வந்துட்டார். தம்பி பின் பிரேக்கை மட்டும் மிதிச்சிருக்கார். முன்னாடி மூட்டை, ரோட்டு ஓரத்துல ஜல்லி. வண்டி நிக்கலை, இழுத்துட்டே போய் இடிச்சிருச்சு. பெரியவருக்குத் தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. தம்பிக்கு முழங்கை தோல் உரிஞ்சதோட சரி.

108 வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. முதல் 48 மணி நேரச் செலவு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல போச்சு. 2021 டிசம்பர்ல கொண்டு வந்த திட்டம். நல்ல திட்டம், அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா எலும்பு 48 மணி நேரத்துல கூடிடுமா?

ஸ்டேஷன்ல முதல் கேள்வி, "லைசென்ஸ் எங்கே?" தம்பி தலையைக் குனிஞ்சுட்டார். அடுத்த கேள்வி, "வண்டி யாருது?" நான் கையைத் தூக்கினேன். அப்பத்தான் எனக்கு விசயமே புரிஞ்சுது. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்த உரிமையாளருக்கும் தனியா 5,000. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழைய 500 ரூபாயைப் பத்து மடங்கு ஆக்கினாங்க. தமிழ்நாட்டுல அது 2022 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு.

அபராதமெல்லாம் சின்ன விசயம். "வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோட இருக்குங்க"ன்னு நான் தைரியமா வக்கீல்கிட்ட போனேன். அவர் பொறுமையா விளக்கினார். ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லைன்னா, கோர்ட் பொதுவா அடிபட்டவருக்கு முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லும். அப்புறம் அந்தப் பணத்தை வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு சொல்லும். 2004-ல ஸ்வரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் காட்டின வழி அது. அடிபட்டவருக்கு அது நியாயம்தான். ஆனா கடைசியில கை வைக்கிற இடம் என் காடு.

நான் கோர்ட் வரைக்கும் இழுக்கலை. பெரியவர் வீட்டுல உக்காந்து பேசினோம். ரெண்டு ஆபரேஷன், ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாத வருமானம், எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். ரெண்டு கறவை மாட்டை வித்தேன். விலை ஏறட்டும்னு வச்சிருந்த மஞ்சள் மூட்டையையும் போட்டேன். தம்பி, "என் சம்பளத்துல பிடிச்சுக்குங்கண்ணா"ன்னு சொன்னார். பிடிக்கலை. சாவியைக் கொடுத்தது நான்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். எங்க வீட்டுல வண்டி தொடற எல்லாருக்கும் லைசென்ஸ் எடுத்தாகணும். தம்பிக்கு, வீட்டம்மாவுக்கு. என்கிட்ட 1996-லயே எடுத்த லைசென்ஸ் இருக்கு. அதோட லட்சணத்தையும் கடைசியில சொல்றேன்.

700 ரூபாய் லைசென்ஸ் 4,650 ஆன கதை

அரசாங்கக் கட்டணம் ரொம்பக் கம்மி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2016 டிசம்பர்ல திருத்தின மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்குப் பழகுநர் உரிமம் 150, அதுக்கான தேர்வு 50, ஓட்டிக் காட்டற தேர்வு 300, லைசென்ஸ் அட்டை 200. மொத்தம் 700 ரூபாய். ஒரு மூட்டை புண்ணாக்கு வாங்கற காசு கூட இல்லை.

தம்பியை நேர்வழியில, ஏஜென்ட் யாரும் இல்லாம அனுப்பிப் பார்த்தேன். வீட்டம்மாவை ஒரு டிரைவிங் ஸ்கூல் மூலமா அனுப்பினேன். வேணும்னேதான் அப்படிப் பண்ணினேன். ரெண்டு வழியிலயும் என்ன ஆகுதுன்னு பார்க்கணும்னு ஆசை.

தம்பி கணக்கு இது. வயசு 40 தாண்டினதால டாக்டர் சர்டிபிகேட் வேணும், அதுக்கு 300. ஆன்லைன்ல பதியணும். ஆதார்ல அவர் கொடுத்திருந்த போன் நம்பர் எப்பவோ செத்துப் போச்சு. ஓடிபி வராது. இ-சேவை மையம், ஜெராக்ஸ், பிரிண்ட் எல்லாம் சேர்த்து 150. இதுக்கு ஒரு நாள். ஓடிபி வராத புண்ணியத்துல பழகுநர் தேர்வுக்கு நேர்ல போனது ஒரு நாள். முப்பது நாள் கழிச்சு ஓட்டிக் காட்டப் போனது ஒரு நாள். அன்னிக்கு எட்டு போடும்போது காலை ஊனிட்டார், பெயில். ஏழு நாள் கழிச்சுத் திரும்பவும் 300 கட்டி இன்னொரு நாள். மொத்தம் நாலு நாள் கூலி போச்சு. எங்க பக்கம் ஆம்பளைக் கூலி 700. ஆக 2,800. பஸ், பெட்ரோல், டீ, சாப்பாடு 400.

கூட்டிப் பாருங்க. 700 + 300 + 150 + 300 + 2,800 + 400. மொத்தம் 4,650 ரூபாய். 700 ரூபாய் லைசென்ஸுக்கு ஒரு வாரக் கூலி.

வீட்டம்மாவுக்கு டிரைவிங் ஸ்கூல்ல 5,000 கேட்டாங்க, கொடுத்தேன். மொத்தம் ரெண்டு தடவைதான் போனாங்க. முதல் நாள் ஒரு மைதானத்துல மூணு சுத்து எட்டு போடச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டாவது நாள் அதே எட்டைப் போட்டுக் காட்டிட்டு வந்துட்டாங்க. "என்னம்மா கத்துக்கிட்ட?"ன்னு கேட்டேன். "காலை ஊனக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன்"னு சொன்னாங்க.

நேர்வழிக்கும் காசு கொடுத்த வழிக்கும் வித்தியாசம் 350 ரூபாய். இதுல யாரைக் குத்தம் சொல்றது? அந்த ஸ்கூல்காரர் சட்டத்துக்கு விரோதமா ஒண்ணும் செய்யலை. ஒழுங்கா நடத்தற ஸ்கூல்கள் எத்தனையோ இருக்கு. ஆனா அவங்க விக்கிற சரக்கு அலைச்சல் இல்லாம முடிச்சுத் தர்றது. ஓட்டக் கத்துக் கொடுக்கிறது அவங்ககிட்ட நாம வாங்கற சரக்கே இல்லை.

மாசச் சம்பளக்காரங்களுக்கு ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் வந்துடும். தினக்கூலிக்குப் போறவங்களுக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கிற ஒவ்வொரு நாளும் கைக்காசு. கட்டணம் எல்லாருக்கும் ஒண்ணுதான், விலை எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது. பொம்பளைகளுக்கு இன்னும் மோசம். காலையில பால் கறக்கணும், சாயந்திரம் பால் கறக்கணும், நடுவுல களையெடுப்பு. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆபீஸுக்குப் போய் வரிசையில நிக்க அவங்களுக்கு நேரம் எங்கே இருக்கு? எங்க ஊர்ல ஸ்கூட்டர் ஓட்டற பொம்பளைகள்ல எத்தனை பேர்கிட்ட லைசென்ஸ் இருக்குன்னு மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலே மிச்சம் ஆச்சு.

லைசென்ஸ் எடுக்க கிராமத்து ஆளுங்களுக்கு மனசு இல்லைன்னு சிலர் சொல்வாங்க. 2018-ல அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வேலைக்குப் போற பொம்பளைகளுக்கு வண்டி விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். லைசென்ஸ் கட்டாயம்னு சொன்னாங்க. அந்தப் பிப்ரவரி மாசம் ஆர்டிஓ ஆபீஸ் ஒவ்வொண்ணுலயும் பொம்பளைகள் கூட்டம் நெரிஞ்சது. கைக்கு ஒரு பலன் தெரிஞ்சா ஜனங்க வரிசையில நிக்கத்தான் செய்யறாங்க.

எட்டு சொல்லித் தராத பாடம்

சரி, காசும் அலைச்சலும் போகட்டும். அவ்வளவு செலவு பண்ணி எடுத்த லைசென்ஸுல உசுரைக் காப்பாத்தற மாதிரி ஏதாவது கத்துக்கிட்டாங்களான்னு பார்த்தா, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

எட்டு போடறது தப்பில்லை. வண்டி நிதானமா கைக்குள்ள நிக்குதான்னு அதுல தெரியும். ஆனா எங்க ஊர்ப்பக்கம் எட்டு மாதிரி வளைஞ்சு ஓட்டி யாரும் சாகறதில்லை. நாங்க சாகற விதமே வேற.

பிரேக்கை எடுத்துக்குங்க. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுந்துருவே." எங்க அப்பா எனக்குச் சொன்னது. நான் எங்க பாப்பாவுக்குச் சொன்னது. தம்பிக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அது பாதிப் பொய். பிரேக் பிடிச்சதும் வண்டியோட பாரம் முன் சக்கரத்துக்கு வருது. நிறுத்தற வலுவுல பெரும்பங்கு முன் பிரேக்குலதான் இருக்கு. நேரா போகும்போது ரெண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்குன்னு இழுக்காம படிப்படியா அழுத்தணும். மணல், ஜல்லி, வளைவுன்னா முன்கூட்டியே வேகத்தைக் குறைச்சுடணும். பத்து நிமிசத்துல சொல்லித் தர்ற விசயம். அந்தப் பத்து நிமிசம் யாராவது தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா, அந்தப் பெரியவர் தொடை முறிஞ்சிருக்காதோன்னு இப்பவும் நினைக்கிறேன்.

அடுத்தது பாரம். ரெண்டு பக்கமும் பால் கேன், முன்னாடி மூட்டை, பின்னாடி தட்டுக்கட்டு. வெறும் வண்டி நிக்கிற தூரத்துல பாரம் ஏத்தின வண்டி நிக்காது. தேர்வுல வெறும் வண்டியைத்தான் ஓட்டிக் காட்டறோம். எங்க வண்டி வெறுமையா ஓடற நாள் கல்யாண நாள் மட்டும்தான்.

அப்புறம் பைபாஸ். காட்டுத் தடத்துல இருந்து ஏறினா எதிர்ப்பக்கம் போறதுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் திரும்பற இடம். பெட்ரோலை மிச்சம் பண்ணறேன்னு ராங் சைடுல ஓரமா போவோம். நூறுல வர்ற கார்க்காரர் எங்களை எதிர்பார்க்கிறதில்லை. ரோடு போட்டவங்க எங்களை நினைச்சுப் பார்க்கலைங்கறது நிஜம். ஆனா லாரிக்காரர்கிட்ட அந்த நியாயத்தைப் பேசிட்டு இருக்க முடியாது.

கரும்பு வெட்டுக் காலத்துல ராத்திரி ரோட்டு ஓரத்துல டிரெய்லர் நிக்கும். பின்னாடி விளக்கு இருக்காது, சிவப்புப் பட்டை இருக்காது. எதிர்ல வர்ற வண்டியோட வெளிச்சம் கண்ணை அடிக்கிற அந்த ரெண்டு செகண்டுல டிரெய்லர் இருக்கிறதே தெரியாது. எதிர் வெளிச்சம் கண்ணுல அடிச்சா அதைப் பார்க்காம ரோட்டோட இடது ஓரத்தைப் பார்த்து மெதுவாப் போகணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோட்டுல ராகி, சோளம், எள்ளு காயப் போடறது நாங்கதான். அதுல சக்கரம் ஏறினா எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். சுத்தியும் கல்லு வேற வச்சுடுவோம். ராத்திரி தானியத்தை அள்ளிட்டுக் கல்லை விட்டுட்டுப் போறதும் நாங்கதான். இதுல எங்க குத்தம் முழுக்க முழுக்க எங்களுது. மயிலு குறுக்கே வர்றது, நாய் துரத்தறது, பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்தவங்க சேலைத் தலைப்பு சக்கரத்துல சிக்கறது. இப்படிச் சொல்லிட்டே போகலாம்.

மத்திய அரசோட 2022-ஆம் வருசக் கணக்கைப் பாருங்க. நாடு முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 74,897 பேர் டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். மொத்தச் சாவுல ஏறக்குறைய 68 சதவீதம் கிராமப்புறத்துல. விபத்து எண்ணிக்கையில முதல் மாநிலம் நம்ம தமிழ்நாடு, 64,105 விபத்து, 17,884 சாவு. சாவு இங்கே நடக்குது. தேர்வு மைதானம், பயிற்சி, ஹெல்மெட் கடை எல்லாம் டவுன்ல இருக்கு.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

சென்னையில இருக்கிற என் பங்காளி ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "மாமா, அப்ப கிராமத்துக்கு லைசென்ஸே வேண்டாம்கிறீங்களா? பாவம் பார்த்து விட்டா ரோட்டுல யாருக்கும் பாதுகாப்பு இருக்காது"ன்னு சொன்னான் அவன் பையன். நியாயமான கேள்வி.

விதிவிலக்கு கேட்கலை கண்ணு. கேட்கவும் மாட்டேன். லைசென்ஸ் இல்லாம ஓட்டறதால முதல்ல நாசமாப் போறது நாங்கதான். வண்டி இன்சூரன்ஸோட சேர்த்துக் கட்டறோமே, ஓனர் தானே ஓட்டி இறந்தா குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கிற தனிநபர் விபத்துக் காப்பீடு, அது கிடைக்கணும்னா செல்லுபடியாகிற லைசென்ஸ் இருக்கணும். வருசா வருசம் பணம் கட்டிட்டு, லைசென்ஸ் இல்லாததால பொண்டாட்டி பிள்ளைகளுக்குப் பைசா வராமப் போனா, அதை விடக் கொடுமை என்ன இருக்கு? இந்த விசயம் தெரியாம எங்க ஊர்ல பாதிப் பேர் ஓட்டிட்டு இருக்காங்க.

பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களுக்கு வண்டி கொடுக்கிற விசயத்துலயும் நான் சட்டத்தோட பக்கம்தான். அதுல அப்பனுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும் போட இடம் இருக்கு. அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸே கிடைக்காது. "பால் ஊத்தத்தானே போறான்"னு சொல்லி நாமளே நம்ம பையன் எதிர்காலத்துல மண்ணைப் போட வேண்டாம்.

நான் கேட்கிறது வேற. தண்டனையை எங்க ஊர் எல்லை வரைக்கும் கொண்டு வர்ற அரசாங்கம், பயிற்சியையும் அதே இடத்துக்குக் கொண்டு வரட்டும். கோமாரித் தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரியில இருந்து எங்க கட்டுத்தறி வரைக்கும் வர்றாங்க. ஒரு மாட்டுக்கும் காது தோடு இல்லாம விடறதில்லை. அந்த மாட்டுப் பாலைக் கேன்ல கட்டிட்டுப் போறவருக்கும் அந்த அக்கறை கிடைக்கட்டும்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

ஒண்ணு, முகாம். வருசத்துக்கு ஆறு நாள் கிராமசபை நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதை ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை ஒன்றியத்துக்கு ஒரு பள்ளிக்கூட மைதானத்துல டாக்டர், இ-சேவை ஆள், மோட்டார் வாகன ஆய்வாளர் மூணு பேரும் உக்காரட்டும். ஆதார்ல போன் நம்பர் மாத்தறதுல இருந்து அங்கேயே முடியட்டும். கூலிக்காரங்களுக்கு நாலு நாள் ஒரே நாளாகும். முப்பது நாள் கழிச்சு அதே மைதானத்துல ஓட்டிக் காட்டற தேர்வு.

ரெண்டு, அரை நாள் பயிற்சி. எட்டோட சேர்த்துப் பிரேக், பாரம், ராத்திரி ஓட்டம், பெரிய ரோட்டுல ஏறும்போது நின்னு பார்க்கிறது, கண்ணாடி பார்க்கிறது. இப்ப அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துல படிச்சு முடிச்சவங்களுக்கு ஆர்டிஓ தேர்வு தேவையில்லைன்னு 2021 ஜூலையில இருந்து விதி இருக்கு. நல்லது. ஆனா அந்த மாதிரிப் பெரிய மையம் எங்க ஊர்க் கூலிக்காரர் போய் வர்ற தூரத்துல எப்ப வரும்? அதுவரைக்கும் பள்ளிக்கூட மைதானம் போதும்.

மூணு, அபராதம். முதல் தடவை மாட்டினவங்ககிட்ட 5,000 பிடுங்கறதுக்குப் பதிலா, "ரெண்டு மாசத்துக்குள்ள லைசென்ஸ் எடுத்துட்டு வா, வந்தா அபராதம் கம்மி, வரலைன்னா முழுசும்"னு சொல்லட்டும். 5,000 கட்டினவர் மறுநாளும் லைசென்ஸ் இல்லாமத்தான் வேலைக்கு ஓட்டிட்டுப் போறார். லைசென்ஸ் எடுக்க வச்சிருந்த காசையும் கட்டிட்டாரே, வேற என்ன பண்ணுவார்? நூறு நாள் வேலை அட்டை இருக்கிறவங்களுக்கு அந்த 700 ரூபாயையும் தள்ளுபடி பண்ணலாம். வசூலாகிற அபராதத்துல ஒரு துளி அது.

நாலு, ஹெல்மெட். புது டூவீலர் விக்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்துல ஹெல்மெட் சேர்த்துக் கொடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே, 138-வது விதியில இருக்கு. நான் இதுவரை நாலு வண்டி வாங்கியிருக்கேன். ஒரு கடையிலயும் அவங்களா எடுத்துக் கொடுத்ததில்லை, எனக்கும் கேட்கத் தெரியலை. எங்க ஊர்ல முக்கால்வாசி வண்டி செகண்ட் ஹேண்ட் வேற. ரோட்டோரத்துல 200 ரூபாய்க்கு விக்கிற தொப்பியைப் போலீஸுக்குப் பயந்து வாங்கி, டவுன் எல்லையில மாட்டிட்டு, எல்லை தாண்டினதும் கண்ணாடியில தொங்க விட்டுட்டு வர்றோம். தலையை விடக் கண்ணாடி பத்திரமா இருக்கு.

என் லைசென்ஸோட லட்சணம்

கடைசியில சொல்றேன்னு சொன்னேன். 1996-ல நான் லைசென்ஸ் எடுத்தப்ப எட்டுகூடப் போடலை. ஏஜென்ட்கிட்ட காசைக் கொடுத்தேன். ஒரு நாள் போய் போட்டோவுக்கு உக்காந்தேன், கையெழுத்துப் போட்டேன், வந்துட்டேன். இத்தனை வருசமா எந்தப் போலீஸ் நிறுத்தினாலும் நெஞ்சை நிமித்திட்டு எடுத்துக் காட்டினது அந்த அட்டையைத்தான். சட்டப்படி பார்த்தா நான் யோக்கியன், தம்பி குற்றவாளி. ஓட்டத் தெரிஞ்சதுல ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. எனக்கு அன்னிக்கு கையில காசு இருந்துச்சு, அவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

அதனால தம்பி கேட்ட கேள்விக்கு ரெண்டு நாள் கழிச்சுப் பதில் சொன்னேன். "அட்டை வந்ததால ஒண்ணும் மாறலைங்க தம்பி. இனிமே ஏதாவது நடந்தா நம்ம ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வராது, அதுக்கு அது வேணும். ஓட்டறது மாறணும்னா நாமதான் மாத்திக்கணும்." ஞாயித்துக்கிழமை அறுவடை முடிஞ்ச காட்டுல, நானும் அவரும் வீட்டம்மாவும் பாப்பாவும் ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சு நிறுத்திப் பழகினோம். முதல்ல வெறும் வண்டி. அப்புறம் ஒரு மூட்டை மண்ணு வச்சு. எங்கே நின்னுச்சுன்னு சுண்ணாம்புல கோடு போட்டோம். முப்பது வருசம் ஓட்டின எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, மூட்டையோட என் வண்டி நிக்கிறதுக்கு எத்தனை அடி வேணும்னு. பாப்பா கோடு எனக்கு முன்னாடி இருந்துச்சு.

பெரியவரைச் சந்தையில அப்பப்பப் பார்க்கிறேன். கைத்தடி வச்சு நடக்கிறார். "மாடு எத்தனை கறக்குது?"ன்னு கேட்பார், பேசிட்டு டீ குடிச்சுட்டு வருவோம். சைக்கிளை வித்துட்டார்.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. அப்பா, சித்தப்பா, மாமா, தோட்டத்து ஆள் யாரா இருந்தாலும் ஒரு மணி நேரம் உக்காருங்க. லைசென்ஸ் இருக்கா, தேதி முடிஞ்சிருக்கா, இன்சூரன்ஸ் ஓடுதா, ஆதார்ல இருக்கிற போன் நம்பர் உயிரோட இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா உங்க போன்லயே பதிஞ்சு கொடுங்க. வட்டத்துக்குள்ள சிவப்புக் கோடு போட்டிருந்தா செய்யாதேன்னு அர்த்தம், முக்கோணம்னா உஷார்னு அர்த்தம். அதைச் சொல்லிக் கொடுத்துட்டு வாங்க. வரும்போது ஒரு நல்ல ஹெல்மெட்டும் வாங்கிட்டு வாங்க. வேட்டி சட்டைக்கு அடுத்த வருசம் பார்த்துக்கலாம்.